மந்திரித்த கூரை

ரெஜினா, இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் முதலில் ஒரு காரியம் செய். ஹால் உத்திரத்தில் கட்டியிருக்கும் தூளியை அவிழ்த்துவிடு. குழந்தையைச் சமையலறைப் பக்கத்துச் சின்ன அறையில் படுக்கவை. அங்கே ஓடுதான் போட்டிருக்கிறது, மச்சு இல்லை. யாராவது ஏன் என்று கேட்டால் கொசு என்று சொல். பிறகு வந்து உட்கார்ந்து மீதியைப் படி.

உன் கடிதம் மழையில் எங்கெங்கோ தங்கி, ஓரமெல்லாம் ஊறி, இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். ஐப்பசி மழையில் உங்கள் வீட்டு மச்சு ஒழுகியது, ஏரி நிரம்பிச் சுவரெல்லாம் ஓதம் ஏறியது, என்ன செய்வது என்று நீ கலங்கி நின்றபோது ஒரு மேஸ்திரி தானாகவே வாசலுக்கு வந்தார், மாதா படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார், கூலியும் குறைவாகத்தான் கேட்டார், கட்டைகளை மாற்றத் தொடங்கிவிட்டார், முடித்த கையோடு பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்துவிடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். 'நம்ம ஆளாகவே கிடைத்தார் அம்மா' என்று ஒரு வரி. அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் வேலை பார்க்கும் கான்வென்ட் ஹாஸ்டலில் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். எனக்கு அவர்கள் முகம் ஒன்றும் தெரியவில்லை.

உன் அப்பாவை நீ படுத்த நிலையில்தான் பார்த்திருக்கிறாய். அவர் நின்றது, நடந்தது, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் திருவிழாவில் தேர் பார்க்கப் போனது எதுவும் உனக்கு நினைவிருக்காது. மழையில் வீடு இடிந்து அப்பாவுக்கு முதுகெலும்பு போய்விட்டது என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். ஊரே அப்படித்தான் சொன்னது. மழையில் இடியவில்லை. அன்றைக்கு வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில் இருந்த அந்த வீட்டை, பர்மாவிலிருந்து திரும்பிவந்த ஒருவர் கட்டியிருந்தார். கல்யாணமான புதிதில் அப்பா அதை வாங்கினார். மெட்ராஸ் ஒட்டு போட்ட மச்சு: தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அதன்மேல் சின்னச் செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, அதற்கும் மேல் சுண்ணாம்புக் காரை. இப்போது நீ இருக்கும் வீட்டிலும் அதே வேலைதான். அந்தக் காரையின் எடை முழுவதையும் கட்டைகள்தான் தாங்குகின்றன என்பதை அப்போது நான் யோசித்ததே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கட்டைகள் வரிசையாகத் தெரியும். அவை இருக்கின்றன என்பதற்கு மேல் அவற்றைப் பற்றி நினைக்க என்ன இருக்கிறது? அப்பா அரிசி மில்லில் எஞ்ஜின் பார்த்தார். மில் எஞ்ஜினின் சத்தத்தில் ஒரு இழை மாறினால் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு ஓடுகிறவர். அப்படிப்பட்டவரை ஒருவன் எப்படி ஏமாற்றினான் என்று நீ கேட்பாய். எஞ்ஜின் அவருக்குத் தெரியும். வீட்டுக்குள் வந்தவுடன் எல்லோரையும்போல அவரும் அசந்துவிட்டார்.

உனக்கு அப்போது நடை பழகும் வயது. எனக்கு இருபதுகூட ஆகவில்லை. மழை விடாமல் கொட்டி ஓய்ந்த மறுநாள், சாணமும் சேறும் கலந்து தெருவே நாறிக்கொண்டிருந்தபோது, அவன் வந்தான். நான் படித்த நாவல்களில் கெட்டவன் வருகிறான் என்றால் முன்னாலேயே ஏதோ ஒன்று தெரிந்துவிடும். பார்வை, சிரிப்பு, நாய் குரைப்பது என்று எதையாவது எழுதியிருப்பார்கள். இவன் செருப்பை வெளியே கழற்றினான். காலைக் கழுவிக்கொண்டான். கழுத்தில் மாதா மெடல் தொங்கியது. சுவரோரம் இருந்த மாதா பீடத்தைப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். எங்கள் நாய் அவன் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"இன்னா தங்கச்சி, மழை ரொம்ப படுத்திடுச்சா?" என்று அண்ணாந்து பார்த்தான். "பாரு, கட்டையெல்லாம் எப்டி வேர்த்துகினு கீது."

அப்பா சிரித்தார். "அது பர்மா தேக்குய்யா. நான் போனப்புறமும் அது இருக்கும்."

"நானும் அப்டிதாண்ணே சொல்லுவேன், இது மட்டும் தண்ணி குடிக்காம இருந்தா." ஸ்டூலில் ஏறி, கையிலிருந்த மெல்லிய கம்பியால் ஒரு கட்டையைக் குத்தினான். மாவு மாதிரி ஏதோ கொட்டியது. அதை உள்ளங்கையில் ஏந்தி அப்பாவிடம் நீட்டினான். "மோந்து பாருண்ணே. கரையான். உள்ளுக்குள்ள ஒண்ணும் இல்ல. கைக்கொழந்தய வெச்சிகினு எப்டிண்ணே தூங்கறீங்க இதுக்குக் கீழ?"

அப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு போனதை நான் பார்த்தேன். பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா வேடிக்கை பார்க்க வந்தவள், "மில்லுக்காரரு வூட்டு மச்சுலயே மாவு கொட்டுது, இனிமே ஊரு அரிசிய இங்கியே அரைச்சிக்கலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். சிரித்ததோடு பேச்சு முடிந்துவிட்டது, ரெஜினா. வேறொரு ஆளைக் கூட்டிவந்து காட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த மாவை அவன் மடியிலேயே கட்டிக்கொண்டு வந்திருப்பான் என்பதை நான் எவ்வளவோ பிறகுதான் யோசித்தேன். கம்பி நுனி மரத்தைத் தொட்ட இடத்தில் அவன் விரல்கள் மூடியிருந்தன.

நனைந்த மரம் எதுவானாலும் அந்த நேரத்தில் மெத்தென்றுதான் இருக்கும். மழைக்காலத்தில் எந்த வீட்டைப் பார்த்தாலும் நாளைக்கு விழப்போகிற மாதிரிதான் தெரியும். காய விட்டு, தை பிறந்த பிறகு தட்டிப் பார்த்தால்தான் எது செத்தது, எது வெறுமனே ஈரம் என்று தெரியும். இது அவனுக்கும் தெரியும். அதனால்தான் அவன் தை மாதத்தில் வருவதில்லை. ஒழுகுகிற இடத்துக்கு அப்போதைக்கு ஒரு தார்ப்பாயைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது கேவலமில்லை. உன்னைப் பயப்படுத்தி இன்றைக்கே முடிவு சொல்லச் சொல்கிறவன், உன் குழந்தையைக் காட்டிப் பயப்படுத்துகிறவன், அவன் எவ்வளவு நல்லவனாகத் தெரிந்தாலும் வாசலோடு அனுப்பிவிடு. எந்த ஊர், யார் வீட்டில் வேலை செய்தாய் என்று கேட்டு, அந்த வீட்டுக்கு நீயே நடந்து போய்ப் பார். அவன் கூடவே வருகிறேன் என்றால் அவனை விட்டுவிட்டுத் தனியாகப் போ.

வேலை வேகமாக நடந்தது. கூலி குறைவாக இருக்கிறதே என்று அப்பாவுக்கே கூச்சம். பழைய கட்டைகளை இறக்கியவுடன் வண்டியில் ஏற்றினான். அடுப்புக்கு ஆகுமே என்று நான் ஒரு துண்டைக் கேட்டேன். "வேணாம் தங்கச்சி. இத அடுப்பாண்டகூட வெக்காத. உள்ள குஞ்சு பொரிச்சிகினு கீது, மறுபடி வூட்டுக்குள்ளயே வரும். நானே ஏரிக்கு அந்தாண்ட இட்டுகினு போய்க் கொளுத்திடறேன்" என்றான். கரையான்மீது அவனுக்கு இருந்த கோபத்தைப் பார்த்து எனக்கு அவன்மேல் மரியாதைதான் வந்தது. அந்த வண்டியில் ஒரு கட்டையைத் தூக்கி வைக்க இரண்டு ஆட்கள் தேவைப்பட்டார்கள். உள்ளே ஒன்றுமில்லாத மரம் அவ்வளவு கனமா என்று என் கண்ணெதிரிலேயே கேள்வி நின்றது. நான் அவர்களுக்கு மோர் கலக்கிக்கொண்டிருந்தேன்.

புதுக் கட்டைகள் வரும்போதே தார் பூசி, கன்னங்கரேலென்று வந்தன. கரையான் ஏறாமலிருக்கத் தார் என்றான். அதுவும் நியாயம்தான்; தார் பூசுவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் அடியில் என்ன மரம் என்று பார்க்க ஒரு விரல் இடம்கூட அவன் விட்டுவைக்கவில்லை. உன்னிடம் வருகிறவன் மரத்தைத் தார் பூசாமல் கொண்டுவந்து உன் வாசலில் இறக்கட்டும், உங்கள் கண்ணெதிரில் பூசட்டும். இறக்கிய பழைய மரம் அத்தனையும் உன் கொல்லையிலேயே கிடக்கட்டும். உண்மையான வேலைக்காரனுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. 'பழைய கட்டை இங்கேயே இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டு அவன் முகத்தை மட்டும் பார்.

கடைசிக் காரையை மெழுகிய அன்றே, "நாளைக்குச் சாமியார இட்டாந்து மந்திரிச்சிடுண்ணே. கூரைய பிரிச்ச வூடு, சும்மா வுடக்கூடாது" என்றான். நமக்கு அதைவிடப் பிடித்த பேச்சு வேறு என்ன? அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பங்குக் கோயிலுக்குப் போனார். சாமியார் வந்தார், ஜெபம் சொன்னார், நாலு மூலைக்கும் தீர்த்தம் தெளித்தார், அண்ணாந்து மச்சுக்கும் தெளித்தார். அவன் முழந்தாளிட்டு, எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னான். போகும்போது வாசலில் நின்று, "புது மரம் கொஞ்ச நாளு பேசும் தங்கச்சி. உக்கார்ற வரைக்கும் சத்தம் வரும். நீ பாட்டுக்குப் பயந்துகினு கெடக்காத" என்றான். அதற்குப் பிறகு நாங்கள் அவனைப் பார்க்கவில்லை.

மரம் பேசத்தான் செய்தது. முதலில் எப்போதாவது ஒரு சின்ன முறுக்கல். பிறகு குழம்பில் சுண்ணாம்புத் தூள் மிதந்தது. உன் தலைமுடியில் வெள்ளையாகத் தட்டுப்பட்டது. சீவச் சீவ வந்துகொண்டிருந்தது. கதவு தானாகவே இறுகிக்கொண்டது. சாத்த முடியாமல் அப்பா கீழே இழைத்துவிட்டார். "அண்ணாந்து பாருங்களேன், நடுக்கட்டை வளைஞ்ச மாதிரி இல்ல?" என்று கேட்டேன். "புது மரம்டி. அவன்தான் சொன்னானே" என்றார். வரப்போகிற ஒவ்வொன்றுக்கும் அவன் முன்னதாகவே சமாதானம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். எங்கள் பயத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் மனசு கேட்கவில்லை. பழைய குடைக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். கட்டையைக் குத்திப் பார்த்துவிடலாம் என்று. ரோசம்மா அக்கா முறத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அய்யய்யோ! சாமியாரு தீர்த்தம் தெளிச்சது இன்னும் காயக்கூட இல்ல, அதப் போய்க் குத்தறியே! உனுக்கு இன்னா, படிச்சிப் படிச்சி மூள கலங்கிப்போச்சா?" அப்பாவும் பார்த்தார். முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான். நான் இறங்கிவிட்டேன். மந்திரித்த வீட்டைச் சோதிப்பது, மந்திரித்தவரைச் சோதிப்பது மாதிரி. அவருக்கும் மேலே இருப்பவரைச் சோதிப்பது மாதிரி. இதை எங்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லித்தந்ததில்லை. ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவனுக்கும் தெரிந்திருந்தது. தாழ்ப்பாளும் பூட்டும் செய்யாத வேலையை அந்தத் தீர்த்தத்தைக் கொண்டு அவன் செய்துகொண்டான்.

வெயில் காய்ந்த ஒரு முற்பகலில், மில்லில் இரவு வேலை முடித்துவிட்டு வந்து அப்பா ஹாலில் படுத்திருந்தார். உன்னைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குக் கூட்டிப் போயிருந்தேன். பெரிய சத்தமெல்லாம் இல்லை. யாரோ நீளமாக மூச்சை விட்டதுபோல ஒன்று. திரும்பிப் பார்த்தேன். ஹாலுக்குள் வெயில் விழுந்திருந்தது. அந்த ஹாலுக்குள் வெயில் வந்து நான் பார்த்ததே இல்லை. அதைத்தான் முதலில் நினைத்தேன், ரெஜினா. எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று.

அக்கம்பக்கத்தார் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, செங்கல்லுக்கு நடுவில் கிடந்த ஒரு கட்டையைப் பார்த்தேன். முறிந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று இருந்தது. நகத்தால் கிள்ளினேன், பிய்ந்து வந்தது. முழுக்கட்டையை என் ஒருத்தியாலேயே ஒரு கையால் தூக்க முடிந்தது. தீக்குச்சிக்கு ஆகிற மரம். எங்கள் பர்மா தேக்கு அப்போதே மெட்ராஸில் எந்த வீட்டுக்கோ கதவு நிலையாகப் போயிருக்கும்.

நான் பேசாமல் இருக்கவில்லை. தனியாக இருப்பதே எனக்குப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். ஆனால் அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில், பஸ்ஸில், கோயில் வாசலில், பார்த்தவர்களிடமெல்லாம் அந்தக் கட்டைத் துண்டைக் காட்டிச் சொன்னேன். இடிந்த வீட்டுக்காரி புலம்புகிறாள் என்றார்கள். சாமியார் மந்திரித்த வீட்டைப் பற்றி இப்படிப் பேசலாமா என்றார்கள். சோதனை என்று சாமியாரும் சொன்னார். பாவம், அவர் முகம் வெளிறித்தான் இருந்தது. ஒரே ஒருத்தி மட்டும் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வல்லக்கோட்டைக்காரி. பயிர் வைக்கிற குடும்பம்.

"ஏம்மா, தப்பா நெனச்சிக்காத. உங்க வூட்டாண்ட வந்தவன் கழுத்துல மெடலு போட்டுகினு இருந்தானா?"

"ஆமா."

"எங்களாண்ட வந்தவன் நெத்தி நெறைய விபூதி. கூரைய பிரிக்கசொல வூட்டுக்காரங்க கீழ நிக்கக்கூடாது, கிருத்திகைக்கு எல்லாரும் மலைக்குப் போயி நாலு நாளு தங்கி முருகனப் பாத்துட்டு நிதானமா வாங்கன்னான். போயிட்டு வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சிகினு கீது." என் கையிலிருந்த துண்டை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். "பேச்சுக்குப் பேச்சு தங்கச்சின்னு கூப்டுவானா?"

"கூப்பிடுவான்."

"எனுக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. அதான் மயங்கிட்டேன்" என்று எழுந்து போனாள். போனவள் அன்றைக்கே கடப்பாரையை எடுத்துத் தன் வீட்டு மச்சைத் தன் கையாலேயே குத்திப் பார்த்தாளாம். சட்டி பானையோடு எல்லோரும் மாட்டுக் கொட்டகைக்குக் குடி போனார்களாம். மாமியார் மண்ணை வாரித் தூற்றினாளாம். அந்த வீடும் விழுந்தது. ஒருவர்மேலும் விழவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் என்று எழுதவில்லை. உன் தெருவில் மச்சு வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் இதைப் படித்துக் காட்டு. உன் வீட்டை முடித்துவிட்டு அவன் அவர்களிடம்தான் போவான்.

உன்னிடம் வந்திருப்பவன் அவனேதான் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு இப்போது வயதாகியிருக்கும், செத்தும் போயிருக்கலாம். அவனிடம் தொழில் பழகியவனாக இருக்கலாம். ஒருவேளை இவன் உண்மையிலேயே நல்லவனாகவும் இருக்கலாம், நான் ஒரு நல்ல மனிதனைப் பற்றி இப்படியெல்லாம் எழுதிக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க நான் தயார். நல்லவன் தன் வேலையைச் சோதிக்க விடுவான்.

இதை மடித்து ஒட்டலாம் என்று இருந்தேன். வாசலில் வேன் நின்றது. உன் வீட்டுக்காரரின் கம்பெனி வேன் டிரைவர். ஏதோ சாமான் ஏற்ற காஞ்சிபுரம் வந்தவராம். "மாப்ள ஓவர்டைம் பாத்துகினு கீறாரும்மா, அதான் என்னாண்ட சொல்லி அனுப்னாரு. வூட்டு வேலையெல்லாம் முடிஞ்சிடுச்சாம். நாளைக்கே மந்திரிப்பு. மேஸ்திரிக்கு அடுத்த ஊர்ல வேலை கீதாம், அவசரப்படறாராம். கம்பெனில எங்க லைன்ல வேலை பாக்கறவங்க மொத்தப் பேருக்கும் பிரியாணி, ஹால்லயே பந்தி. நீங்க அவசியம் வரணும்னாரு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். டீ கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன், இன்று இருட்டுவதற்குள் உன்னிடம் சேர்ந்துவிடும். வேன் நிறையச் சாமான், இன்னொரு ஆள் உட்கார இடமில்லை; நான் விடியற்காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பஸ் போகிற வழியில், வாலாஜாபாத்தில் தண்ணீர் வடியவில்லை என்கிறார்கள்; இறக்கிவிட்டால் நடந்து வருவேன். நான் வரத் தாமதமானாலும் நீ காத்திருக்காதே.

சாமியாரை வாசலிலேயே நிறுத்து. ஸ்தோத்திரம் சொல்லி, நாற்காலி போட்டு, மரத்தடியில் உட்கார வை. அவரும் அந்தக் கூரைக்குக் கீழே போக வேண்டாம். மாப்பிள்ளையின் சிநேகிதர்களையும் வெளியிலேயே உட்கார்த்திச் சாப்பாடு போடு. மழை வந்தால் நனையட்டும். அப்புறம் அத்தனை பேர் பார்க்க, புதுக் கட்டையைக் குத்திப் பார்க்க ஒரு கடப்பாரையைக் கொண்டுவரச் சொல். மேஸ்திரி தடுப்பான். உன் மாமியார் தடுப்பாள். மாப்பிள்ளைக்கு அவமானமாக இருக்கும். சாமியாரை வாசலில் நிறுத்தியவள் என்று உன்னைப் பைத்தியக்காரி என்பார்கள், உன்னைப் பெற்றவளையும் சேர்த்து. ஊரெல்லாம் பேசுவார்கள், வருஷக்கணக்காகப் பேசுவார்கள். பேசட்டும், ரெஜினா. பேசுவதற்கு எல்லோரும் இருக்கட்டும்.

அம்மா